கவுனி அரிசி டயட் சாப்பாடா?

நான் போற ஜிம்ல கவுனி அரிசியை 'லோ கார்ப்'னு சொல்றாங்க. காரைக்குடிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க! 100 கிராம்ல மாவுச்சத்தே 70 கிராமுக்கு மேல. அங்கே சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்து விருந்துக்கு வைக்கிற இனிப்பு அது.

பர்மாவுக்கு லேவாதேவி செய்யப் போன நகரத்தார் கொண்டுவந்த அரிசி. 1930-ல கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள்ல 6 சதவீத நிலம் அவங்ககிட்ட இருந்துச்சு. உலகப் பொருளாதார மந்தத்துல நெல் விலை சரிஞ்சது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளோட நிலமெல்லாம் கைமாறி, 1937-ல அது 25 சதவீதம் ஆச்சு. பர்மியர்களோட கோபம் நியாயம்தான்னு நினைக்கிறேன். 1942-ல ஜப்பான் படை வந்ததும் பலர் தப்பி ஊர் திரும்பினாங்க. 1948-ல நில தேசியமயச் சட்டமும் வந்துச்சு.

சமைக்கப் போறவங்க ராத்திரியே ஊறவைங்க. அந்த ஊதாத் தண்ணியைக் கொட்டாம அதிலேயே வேகவைங்க.