நூலகத்தில் ஒரு கலைக்கூடம்

சிகாகோ பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர் விவியன் ஹார்ஷ் அம்மையார். 1932இல் திறக்கப்பட்ட ஹால் கிளை நூலகத்திற்குத் தலைமையேற்று, தம் மக்களின் வரலாறு கூறும் நூல்களை அரிதின் முயன்று திரட்டினார்.

1983இல் ஹெரால்டு வாஷிங்டன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1991இல் எழுந்த மைய நூலகம் அவர் பெயரைத் தாங்கிற்று. அங்கேதான் 2009இல் 'யூமீடியா' தோன்றியது. உயர்நிலைப்பள்ளி மாணவர்க்குக் கணினி, ஒளிப்படக் கருவி, ஒலிப்பதிவுக் கூடம் யாவும் கட்டணமின்றிக் கிடைத்தன. கலைஞர்களே உடனிருந்து வழிகாட்டினர். அங்கு மேடையேறிப் பழகிய சான்ஸ் தி ராப்பர் என்னும் இளைஞர் 2017இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றார்.

தம் வரலாற்றைப் படிக்க நூல் தந்தார் ஹார்ஷ். அதைத் தாமே படைக்கக் கருவி தந்தது யூமீடியா. இளைஞர்களே! பொது நூலகம் நமக்கும் உரியது. நூலோடு கருவியையும் கேட்டுப் பெறுவீர்!