குசினி எறும்புகளின் உலக வரலாறு

வரலாறு என்றால் மன்னர்களும் யுத்தங்களும் உடன்படிக்கைகளும் தேர்தல்களும் என்று எண்ணி எழுதிப் பழகிய பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக அத்தகைய செய்திகளோடு காலம் கழித்த பின்னர், மனிதர் எவரும் திட்டமிடாத, எந்த அரசாங்கமும் பிரகடனம் செய்யாத ஒரு பெரும் குடிப்பெயர்வைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. அதன் நாயகன் நமது சீனிப் போத்தலைச் சுற்றி வரும் எறும்பு.

யாழ்ப்பாணத்தில் சமையலறையைக் குசினி என்று சொல்லுகிறோம். அந்தச் சொல் போர்த்துக்கேயரின் கப்பலில் வந்தது. உலகின் பல நாடுகளில் குசினிக்குள் புகுந்து தொல்லை தருகின்ற எறும்புகளில் கணிசமானவையும் அவ்வாறே கப்பல்களில் வந்து இறங்கியவை என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். தோட்டத்து எறும்பு வழிதவறி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பல நாடுகளில் நடந்ததோ கண்டங்களைக் கடந்த படையெடுப்பு.

இந்த வரலாற்றின் மிக விரிவான அத்தியாயம் ஆர்ஜென்டீன எறும்பு என்று அழைக்கப்படும் சிறிய கபில நிற எறும்பினுடையது. அதன் நீளம் இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர் மட்டுமே. புவனஸ் அயர்ஸ் நகருக்கு அருகில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 1868 ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டு அறிஞர் குஸ்தாவ் மாயர் அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் சூட்டிய 'ஹியூமிலிஸ்' என்ற இலத்தீன் பெயருக்கு எளியது, தாழ்ந்தது என்று பொருள். பெயருக்கும் பின்னர் நடந்தவற்றுக்கும் எந்தப் பொருத்தமும் இருக்கவில்லை.

அதன் தாயகம் தென்னமெரிக்காவின் பரானா ஆற்றுப் படுகை. அடிக்கடி வெள்ளம் பெருகும் நிலம் அது. அங்கு வாழ வேண்டுமானால் ஓரிடத்தில் ஆழமாக வேரூன்றி இருக்க இயலாது. நீர் உயரும்போது முட்டைகளையும் குஞ்சுகளையும் இராணிகளையும் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போக வேண்டும். நீர் வடிந்ததும் திரும்பி வர வேண்டும். நிரந்தரமான புற்று இல்லை. கல்லின் அடியிலோ, உக்கிய மரத்திலோ, குப்பைக் குவியலிலோ கிடைத்த இடத்தில் குடியிருப்பு. ஒரு கூட்டத்தில் ஓர் இராணி என்ற கட்டுப்பாடும் இல்லை. பல இராணிகள் சேர்ந்தே வாழும். எந்த நேரத்திலும் மூட்டை கட்டிப் புறப்பட ஆயத்தமாக இருக்கும் இத்தகைய உயிரினத்துக்குச் சரக்குக் கப்பலைப் போன்ற வாய்ப்பான வாகனம் வேறென்ன இருக்க முடியும்? சாக்கு மூட்டையோடும் செடித் தொட்டியின் மண்ணோடும் ஓர் இராணியும் சில வேலைக்கார எறும்புகளும் போய்ச் சேர்ந்தாலே புதிய நாட்டில் குடியேற்றம் ஆரம்பமாகிவிடும்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1891 ஆம் ஆண்டில் எட்வேர்ட் பொஸ்டர் என்பவர் இந்த எறும்பைக் கவனித்தார். பிரேசிலில் இருந்து கோப்பி ஏற்றிவந்த கப்பல்களே அதனைக் கொண்டுவந்தன என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். இங்கு நமது நாட்டின் வரலாற்றையும் ஒரு கணம் நினைவுகூருவது பொருத்தமானதாகும். 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் தோன்றிய இலைத் துரு நோய், அடுத்த இரு தசாப்தங்களில் அந்தப் பயிரையே அழித்துத் தேயிலைக்கு வழிவிடச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் ஒன்று ஒரு தீவின் பொருளாதாரத்தையும், தென்னிந்தியாவில் இருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் புரட்டிப் போட்ட அதே காலகட்டத்தில், பிரேசில் கோப்பி உலகின் துறைமுகங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. வணிகக் கணக்கேடுகளில் மூட்டைகளின் எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. மூட்டைகளோடு வந்த எறும்புகளை எவரும் பதிவு செய்யவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் நியூ ஓர்லியன்ஸ் வாசிகளின் நிம்மதி குலைந்தது. லூசியானா மாநிலத்தின் பூச்சியியலாளர் வில்மன் நியூவெல் 1908 அளவில் இந்த எறும்பின் வாழ்க்கையை முறையாக ஆராய்ந்து எழுதத் தொடங்கினார். அதற்கிடையில் அது இரயில் பாதைகளின் வழியே உள்நாட்டுக்குள் பரவிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் தசாப்தத்திலேயே கலிபோர்னியாவில் இருந்தது. தென்னாபிரிக்காவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் காணப்பட்டது. ஆங்கிலேய - போயர் யுத்தத்தின்போது பிரிட்டிஷ் படையின் குதிரைகளுக்கென ஆர்ஜென்டீனாவில் இருந்து தருவிக்கப்பட்ட தீவனத்தோடு வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. 1941 இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் தென்பட்டது. 1993 இல் ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

எறும்பு வீட்டுக்குள் ஏன் வருகிறது? சிந்திய சீனிக்காக என்பதே நமது வழமையான பதில். அது பாதி உண்மை. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா கோர்டனும் அவரது சகாக்களும் 69 வீடுகளை 18 மாதங்கள் தொடர்ந்து அவதானித்து 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, காலநிலையே பிரதான காரணம் என்று காட்டியது. குளிரும் மழையுமான நாட்களில் எறும்புகள் பெருமளவில் வீடுகளுக்குள் வந்தன. வெப்பமும் வரட்சியும் மிகுந்த நாட்களில் ஓரளவு வந்தன. நாசினி தெளித்த வீடுகளுக்கும் தெளிக்காத வீடுகளுக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. வீட்டுக்காரர் மருந்தடித்த பிறகு எறும்புகள் மறைந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் வெளியே வானம் வெளித்ததுதான்!

இதை வாசித்தபோது நமது முன்னோரை எண்ணி வியந்தேன். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை பெய்யும் என்பது நம் கிராமங்களில் வழங்கும் பழமொழி. அதற்கும் மிக முற்பட்ட புறநானூற்றின் 173 ஆவது பாடலில், சிறுகுடி கிழான் பண்ணனின் வீட்டில் சோறு பெற்றுக்கொண்டு வரிசையாகச் செல்லும் சிறுவர்களை, மழைக்கு முன் முட்டைகளைச் சுமந்து மேட்டு நிலத்தை நாடும் எறும்பு ஒழுக்குக்கு ஒப்பிடுகிறான் சோழன் கிள்ளிவளவன். எறும்பின் நடமாட்டத்தை வானிலையோடு சேர்த்துப் பார்க்கத் தமிழன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கற்றிருந்தான்.

உள்ளே வந்த எறும்பு உணவை எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்பதும் சுவையான விடயம். அங்கு கட்டளையிடும் தளபதி எவரும் இல்லை. சில எறும்புகள் திக்குத் திசை தெரியாமல் அலைகின்றன. ஒன்றுக்கு இனிப்பு அகப்பட்டால், திரும்பிச் செல்லும் வழியில் தன் உடலில் சுரக்கும் ஒருவகை மணப்பொருளைத் தரையில் தடவிக்கொண்டு போகிறது. அந்தத் தடத்தைப் பின்பற்றும் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மணத்தைக் கூட்டுகிறது. உணவு தீர்ந்ததும் தடவுவோர் இல்லாமல் மணம் ஆவியாகித் தடம் அழிகிறது. 1980 களின் இறுதியில் பிரசல்ஸ் நகரில் ஜோன் லூயி டெனெபூர்க்கும் சக ஆய்வாளர்களும், கூட்டுக்கும் உணவுக்கும் இடையில் நீளம் வேறுபட்ட இரண்டு பாலங்களை அமைத்து ஆர்ஜென்டீன எறும்புகளை விட்டுப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் அவற்றில் பெரும்பாலானவை குறுகிய பாலத்திலேயே சென்றன. குறுகிய வழியில் போய்வருவோர் விரைவில் திரும்புவதால் அங்கு மணம் வேகமாகச் சேர்ந்துவிடுகிறது, இரகசியம் அவ்வளவுதான். இத்தாலியரான மார்க்கோ டொரிகோ 1992 இல் இதே தத்துவத்தைக் கணினிக்குக் கொண்டுசென்றார். வாகனங்களுக்கு மிகக் குறுகிய பாதையைத் தேடும் கணிப்பு முறைகளில் இன்று குசினி எறும்பின் அறிவும் கலந்திருக்கிறது.

இனி, மனிதன் தொடுத்த யுத்தத்துக்கு வருவோம். நமது வீடுகளில் சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய பேணிகளுக்குள் நிறுத்திவைப்பார்கள். பால், தயிரை உறியில் தொங்கவிடுவார்கள். எறும்பை அழிப்பது நோக்கமல்ல, விலக்கி வைப்பதே நோக்கம். மேற்குலகம் வேறு வழியை நாடியது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் ஆரம்பத்தில் கண்டறிந்த முறை புத்திசாலித்தனமானது: மிகச் சொற்ப அளவு ஆர்செனிக் கலந்த சீனிப்பாகை வைத்தார்கள். உண்ட எறும்பு உடனே சாகாமல் கூட்டுக்குப் போய் இராணிகளுக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டியது. எதிரியின் ஒழுங்கையே எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தும் தந்திரம் இது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பொறுமைக்கு இடமில்லாமல் போயிற்று. மேற்கு அவுஸ்திரேலியா 1954 இல் ஆரம்பித்த ஆர்ஜென்டீன எறும்பு ஒழிப்புத் திட்டத்தில் டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டகுளோர் ஆகிய நஞ்சுகள் வருடக்கணக்கில் தெளிக்கப்பட்டன. மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நீண்டகாலம் தங்கிவிடும் நஞ்சுகள் அவை. 1988 இல் திட்டம் கைவிடப்பட்டது, எறும்பு ஒழியவில்லை. அமெரிக்காவில் 1957 இல் நெருப்பெறும்பு எனும் வேறோர் இனத்துக்கு எதிராக இதே வகை நஞ்சுகள் விமானங்களில் இருந்து தூவப்பட்டு, பறவைகளும் வளர்ப்புப் பிராணிகளும் மடிந்தன. அந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தே ரேச்சல் கார்சன் 1962 இல் வெளியான தமது புகழ்பெற்ற நூலில் ஓர் அத்தியாயத்தின் பெரும்பகுதியை எழுதினார். சிறிய எதிரியைப் பெரிதாகக் காட்டிப் பெரிய அழிவுக்கு நியாயம் கற்பிப்பது அரசாங்கங்களுக்குப் புதிதல்ல.

வீட்டுக்குள்ளும் இதே பாடம்தான். பார்வோன் எறும்பு என்று பெயர் பெற்ற மஞ்சள் நிறச் சிற்றெறும்புக்கு 1758 இல் லின்னேயஸ் பெயரிட்டார். கட்டடங்களின் சுவர் இடுக்குகளில் வாழும் அது, ஆஸ்பத்திரிகளில் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972 ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அதன் மீது நாசினியைத் தெளித்தால் நடப்பது என்ன? கலக்கமடைந்த கூட்டம் பல துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஓர் இராணியோடு வேறு வேறு அறைகளில் குடியேறுகிறது. ஒரு கூடு பல கூடாகிறது. அடக்குமுறையினால் சிதறடிக்கப்பட்டவர்கள் எங்கெல்லாம் போய்க் குடியேறினார்கள் என்பதை அறிந்த நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இறுதியாக ஒரு வியப்பு. 2002 ஆம் ஆண்டில், இத்தாலியில் இருந்து ஸ்பெயினின் அத்திலாந்திக் கரை வரை சுமார் 6000 கிலோமீற்றர் நீளத்துக்கு வாழும் ஆர்ஜென்டீன எறும்புகள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஒரு முனையின் எறும்பை மறு முனையில் விட்டாலும் அவை சண்டையிடுவதில்லை. 2009 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மேலும் ஒருபடி சென்று, ஐரோப்பா, கலிபோர்னியா, ஜப்பான் ஆகியவற்றின் பெருங்கூட்டங்களைச் சேர்ந்த எறும்புகளும் ஒன்றையொன்று உறவாக ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். சமுத்திரங்களால் பிரிக்கப்பட்டும் நூறு வருடங்களாக உறவை மறக்காத கூட்டம்.

ஆயினும் அது முழுமையான சமாதானம் அல்ல. கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் இந்தப் பெருங்கூட்டமும் அதே இனத்தின் இன்னொரு கூட்டமும் சந்திக்கும் எல்லைக் கோட்டில் எறும்புகள் மில்லியன் கணக்கில் மடிகின்றன. இரு தரப்பும் ஒரே இனம், ஒரே நதிக்கரையில் இருந்து வந்தவை. உடலின் மேற்படையில் உள்ள மணத்தின் சிறு வேறுபாடே பகைக்குக் காரணம். யுத்தச் செய்திகளை நீண்டகாலம் எழுதியவன் என்ற முறையில், இந்த ஆய்வை ஒரே மூச்சில் வாசித்துவிட என்னால் முடியவில்லை. எறும்புக்கு மணத்தைத் தவிர வேறு அடையாளம் அறியும் வழி இல்லை. மனிதனுக்கு மொழியும் சிந்தனையும் நினைவும் இருக்கின்றன.

மழை நாளில் குசினிச் சுவரில் எறும்பு வரிசையைக் கண்டால் நஞ்சுப் போத்தலைத் தேட வேண்டிய அவசியமில்லை. சவர்க்காரத் தண்ணீர் நனைத்த துணியால் தடத்தைத் துடைத்துவிடுங்கள். மணம் அழிந்தால் வழி அழியும். சுவரின் வெடிப்பை அடையுங்கள். சீனியை இறுக மூடிவையுங்கள். மழை விட்டதும் அவை தாமாகவே வெளியேறும். பேணியில் தண்ணீர் ஊற்றி அலுமாரியைக் காத்த நமது பாட்டிமார் எந்தப் பூச்சியியலும் படிக்காமலேயே அறிந்திருந்த விவேகம் இது.