1918: மழை பொய்த்த ஆண்டில் வந்த காய்ச்சல்

1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சிலர் காய்ச்சலில் விழுந்தார்கள். முதல் உலகப் போரிலிருந்து படைவீரர்களை ஏற்றிவந்த கப்பல்களோடு இன்புளூயன்சா வந்தது என்பார்கள். முதல் அலையில் சாவு குறைவு. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலைதான் ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போனது.

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. பயிர் கருகியது, தானிய விலை ஏறியது, குடிநீர் வற்றியது. பிழைப்புத் தேடிக் கிராமத்து மக்கள் பம்பாய்க்கு வந்து, ஏற்கெனவே நெரிசலாக இருந்த குடியிருப்புகளில் ஒண்டினார்கள். வறட்சி கிருமியை உண்டாக்கவில்லை. பசித்த உடம்பையும் நெருக்கமான அறையையும் அதற்குக் கொடுத்தது.

பம்பாயில் ஐரோப்பியரில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேர் இறந்தார்கள்; ஒடுக்கப்பட்ட சாதியினரில் 60 பேருக்கும் மேல். நாடு முழுவதும் இறந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். 1921 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது.

புவி வெப்பமாவதால் இன்று மழையை நம்ப முடிவதில்லை. தண்ணீர்ப் பஞ்சமும் தொற்றும் சேர்ந்து வந்தால், நாம் கதவைச் சாத்திக்கொள்வோம். நம் காவலாளியும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் என்ன செய்வார்கள்? காய்ச்சல் நாட்களில் அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, இங்கேயே நல்ல குடிநீர் இரண்டையும் அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்வோம்.