கோசி: கரைகளுக்கு நடுவே வளரும் வெள்ளம்

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகா என்னுமிடத்தில் கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. அப்போது ஆற்றில் ஓடிய நீர் விநாடிக்கு ஏறத்தாழ 1.44 லட்சம் கன அடி. கரையோ 9.5 லட்சம் கன அடியைத் தாங்கும் என்று சொல்லிக் கட்டப்பட்டது. ஆறில் ஒரு பங்குக்கும் குறைந்த நீருக்கே அது உடைய, வடக்கு பீகாரில் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். இதனை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நம்மால் இயலாது.

இயற்கைக்கும் பங்குண்டு. எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா ஆகிய சிகரங்களின் சரிவுகளிலிருந்து இறங்கும் கோசி, மலையை விட்டுச் சமவெளிக்கு வந்ததும் வேகம் இழந்து, சுமந்துவந்த மண்ணையும் மணலையும் கொட்டிவிடுகிறது. படுகை மேடாகிறது; ஆறு வேறு வழி தேடுகிறது. இவ்வாறு ஏறத்தாழ 250 ஆண்டுகளில் அது 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் பெய்வதும் சேர்ந்துகொள்கிறது.

இத்தகைய ஆற்றைத்தான் 1954ஆம் ஆண்டின் இந்திய–நேபாள ஒப்பந்தத்திற்குப் பின் இரு கரைகளுக்குள் அடைத்தனர். பரந்த வயல்களில் படிய வேண்டிய வண்டல் கரைகளுக்கு நடுவிலேயே படிந்து, சுற்றியுள்ள நிலத்தைவிட ஆற்றுப்படுகையை உயர்த்தியது. வெளியே பெய்யும் மழைநீர் ஆற்றில் சேர வழியின்றித் தேங்கியது. 1954இல் பீகாரில் 160 கிலோமீட்டராக இருந்த கரைகளின் நீளம் பின்னர் 3,400 கிலோமீட்டரைத் தாண்டியது. வெள்ள அபாயப் பரப்போ 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. கரை நீள நீள வெள்ளமும் விரிந்ததை அரசின் கணக்கே காட்டுகிறது. ஆயினும் கரையை உயர்த்துவதே தீர்வெனப் பேசப்படுகிறது!

வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். குடியிருப்பு பார்த்துத்தானே அமைக்கப்பட்டது? இப்பகுதியின் முசாகர் மக்களில் மிகப் பெரும்பாலோர் நிலமற்ற தலித் கூலித் தொழிலாளர்கள். ஊருக்கு வெளியே, தாழ்வான நிலத்தில், பட்டா இல்லாத மண்ணில் அவர்களுடைய டோலாக்கள் நிற்கின்றன. மண் குடிசை முதல் நாளிலேயே கரைந்துவிடும். பயிர் இழப்பீடு நில ஆவணத்தைக் கேட்கும். கூலி இழந்தவரிடம் காட்ட ஆவணம் ஏது? வெள்ளம் வடிந்தபின் வயலில் மணல் மூடிக் கிடந்தால் நில உடைமையாளருக்கு ஒரு பருவம் போகும், கூலிக்காரருக்கு ஊரே போகும்: பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் ரயிலேறுவர்.

2024 செப்டம்பர் இறுதியில் கோசி கதவணையிலிருந்து 6.61 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. 1968க்குப் பின் இதுவே மிக அதிகம். தர்பங்கா மாவட்டத்தில் மீண்டும் கரை உடைந்தது. இரு கரைகளுக்கும் இடையே வாழும் சில நூறு கிராமத்தினருக்கோ உடைப்பு நேர வேண்டியதே இல்லை. கரை உறுதியாக நிற்கும் ஆண்டிலும் வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள்தான் வருகிறது.