எழுத்து எட்டினால்தான் செய்தி எட்டும்: தேவாலய ஏடு முதல் இணையத்தளம் வரை



என் மாணவன் ஒருவனின் தந்தையார் தம் தேவாலயத்தின் இணையத்தளத்தைக் கவனித்து வருகின்றார். அத்தளத்தைத் தமிழில் செம்மைப்படுத்த இணையத்தில் என்னென்ன கருவிகள் இலவசமாகக் கிடைக்கும் என்று அண்மையில் என்னிடம் வினவினார். ஒரு பட்டியலைக் கொடுத்து முடித்திருக்கலாம். ஆயினும், இந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 470 ஆண்டு வரலாறு இருக்கின்றது. அதனை அறிந்தால் எந்தக் கருவி எதற்குத் தேவை என்பது தானாகவே விளங்கும். நம் தமிழ்ப்பள்ளித் தளங்களுக்கும் கோயில் தளங்களுக்கும் இது பொருந்தும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அயல் எழுத்தில் அச்சேறிய தமிழ்

தமிழ்மொழி முதன்முதலாக அச்சேறியது 1554ஆம் ஆண்டில், போர்த்துகல் நாட்டின் லிசுபன் நகரில். அது ஒரு கிறித்துவ மறைக்கல்வி நூல். அதன் மொழி தமிழ். எழுத்தோ ரோமன் எழுத்து! முத்துக்குளித்துறையில் வாழ்ந்த தமிழர் அதனைக் கையில் எடுத்தால் என்ன செய்திருப்பர்? பிறர் வாசிக்கக் கேட்டால் புரியும். தாமாக வாசிக்க இயலாது. செய்தி இருந்தும் எட்டவில்லை.

இக்குறையைப் போக்கியவர் அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். ஆனாலும், இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் என்னும் பெருமை அச்சிறு நூலுக்கே உரியது.

சிறிய எழுத்து செய்த பெரிய பணி

அடுத்த திருப்பம் தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழைக் கற்றுத் தேர்ந்து அச்சகம் நிறுவ முனைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கும். தாளோ கப்பலில் வர வேண்டிய அரிய பொருள். அவ்வெழுத்தில் அச்சிட்டால் புதிய ஏற்பாடு எத்தனை பருமனாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

எனவே, ஆட்லர் என்னும் வார்ப்புக் கலைஞர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி அவற்றைச் செய்ததாகக் கூறுவர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. அதே காலத்தில் அருகே ஒரு தாள் ஆலையும் நிறுவப்பட்டது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சகம் வந்துவிட்டது என்று அவர்கள் அமைதி கொள்ளவில்லை. வாசிப்பவர் கைக்கு நூல் போய்ச் சேருமா என்று பார்த்தனர். சேராது எனத் தெரிந்ததும் எழுத்தையே மாற்றினர்.

மீண்டும் 1554

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் கணினியில் ஏறியது. இதில் நம் மலேசியாவுக்குத் தனியிடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அண்டை நாடான சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார்.

எனினும், அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. மேலை எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்களின்மீது தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தி வைத்தனர். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ அது தமிழன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகிவிடும். பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலே தோன்றும். 1554ஆம் ஆண்டின் சிக்கல் வேறு உருவில் திரும்பி வந்தது!

இதனை நான் நேரிலும் கண்டதுண்டு. ஒரு பள்ளியின் பழைய ஆண்டு மலர் குறுவட்டில் பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க இயலவில்லை. கோப்பு அழியவில்லை; எழுத்துருதான் தொலைந்து போயிருந்தது.

அறிஞர்கள் இதற்குத் தீர்வு தேடினர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. டிஸ்கி, டாப், டாம் எனப் பொதுக் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த யுனிகோடு, பின்னர்ப் படிப்படியாக நிலைபெற்றது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றுக்கொண்டது.

இன்று நமக்கு உதவுபவை

சிக்கல் தீர்ந்துவிட்டதா? பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால், நாமே அதனை மீண்டும் உருவாக்குகிறோம். வழிபாட்டு நேரம், கூட்ட அறிவிப்பு, இரங்கல் செய்தி ஆகியவற்றை அழகிய படமாக வடிவமைத்து வலையேற்றிவிடுகிறோம். படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாகக் கொள்வதில்லை. தேடுபொறிக்கு அது எளிதில் அகப்படாது. பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு அது ஊமை. சிறிய கைப்பேசியில் முதியவர் பெரிதாக்கினால் மங்கிவிடும்.

2023 மார்ச்சு மாத வெள்ளத்தில் நம் சிகாமட் எவ்வளவு துன்புற்றது என்பதை அறிவீர்கள். அத்தகைய வேளையில் துயர் துடைப்பு மையம் எங்குள்ளது, எந்த மண்டபத்தில் உணவு கிடைக்கும் என்னும் செய்தி, வலுவற்ற இணைய இணைப்பிலும் உடனே திறக்க வேண்டும். ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அங்கிருந்தே தேடிப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். சில வரி யுனிகோடு எழுத்து அதனைச் செய்யும். கனமான படம் செய்யாது.

எனவே, அந்தத் தந்தையாருக்கு நான் பரிந்துரைத்தவை இவை:

எழுத்துரு: கூகுளின் 'நோட்டோ சான்ஸ் தமிழ்', 'முக்தா மலர்', 'கட்டமரன்' போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. தளத்திலேயே இணைத்துவிட்டால் வாசகர் எதனையும் நிறுவ வேண்டியதில்லை.

மாற்றி: பழைய எழுத்துருவில் உள்ள செய்தி மடல்களை யுனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் உள்ளன. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா 2000களில் வெளியிட்ட என்.எச்.எம். மாற்றி பலருக்கும் கைகொடுத்தது. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் பிழை திருத்துவது கட்டாயம்.

திரைவாசிப்பான்: என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள் தமிழையும் வாசிக்கும். உங்கள் தளத்தை அதன் வழியாகக் கேட்டுப் பாருங்கள். அது எங்கே மௌனமாகிறதோ அங்கே படம் பேச வேண்டிய இடத்தில் எழுத்து இல்லை என்று பொருள். அப்படத்திற்கு மாற்றுரை எழுதுங்கள்.

காப்பகம்: 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எண்ணற்ற தனியார் பக்கங்கள் மறைந்தன. இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' சேவையில் உங்கள் தள முகவரியைக் கொடுத்து, முக்கியப் பக்கங்களைச் சேமித்து வையுங்கள். ஒரு சபையின் திருமணங்களும் இறப்புகளும் விழாக்களும் தோட்டப்புறத் தமிழர் வரலாற்றின் பகுதியே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி அறிவிப்பைப் படமாக அனுப்பும் முன், அதன் கீழே அதே செய்தியை நான்கு வரி எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ பழைய குறுவட்டுகள் இருப்பின் இப்பொழுதே திறந்து பாருங்கள். அக்கோப்புகளைத் தட்டச்சு செய்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எழுத்துருவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காலம் கடந்தால் கேட்க ஆளிருக்காது.