மந்தகாலத்தில் ஒரு டெண்டர்: ஹூவர் அணை, 1931

ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு தொகை வேண்டும் என்று ஒப்பந்ததாரர்கள் தனித்தனியே மூடிய உறையில் எழுதிக் கொடுப்பதே ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர் ஆகும். நல்ல காலத்தில் ஒரு டெண்டர் கைநழுவினால் இன்னொன்று கிடைக்கும். பொருளாதார மந்தகாலத்தில் அப்படி இல்லை. இயந்திரங்கள் சும்மா நிற்கும், கடனுக்கு வட்டி ஏறும். விலையைக் கூட்டி எழுதினால் வேலை கிடைக்காது. மிகவும் குறைத்து எழுதினால் வேலை கிடைத்தும் நட்டமே மிஞ்சும். இந்தச் சிக்கலை விளக்க அமெரிக்காவின் ஹூவர் அணை சிறந்த உதாரணம் எனலாம்.

டெண்டருக்கு முன்

1929-ல் பங்குச்சந்தை சரிந்தபின் அமெரிக்காவில் தனியார் கட்டுமானம் ஏறக்குறைய நின்றுபோனது. அந்த நேரத்தில் கொலராடோ ஆற்றின் குறுக்கே, நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில், மாபெரும் அணை ஒன்றைக் கட்ட மத்திய அரசின் நீர்ப்பாசன அமைப்பு டெண்டர் கோரியது. டெண்டருடன் 20 லட்சம் டாலர் பிணையும், வேலை கிடைத்தால் 50 லட்சம் டாலர் பிணையும் தர வேண்டும் என்பது நிபந்தனை. வேலையை முடிக்காமல் ஒப்பந்ததாரர் ஓடிவிட்டால் அரசு நட்டப்படக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

இவ்வளவு பெரிய பிணையைத் தனியாகத் தாங்கும் நிறுவனங்கள் மிகக் குறைவு. எனவே யூட்டா கன்ஸ்ட்ரக்ஷன், மாரிசன்-நட்சன், பெக்டெல், கைசர் உள்ளிட்ட மேற்கு மாநில ஒப்பந்ததாரர்கள் ஒன்றுசேர்ந்து "சிக்ஸ் கம்பெனீஸ்" என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். போட்டியாளர்களே கூட்டாளிகள் ஆனது மந்தகாலம் கற்றுத்தந்த வழி. அணைகள் கட்டுவதில் நீண்ட அனுபவம் பெற்ற பொறியாளர் ஃபிராங்க் க்ரோ இவர்களுக்காகக் கணக்குப் போட்டார்.

உறைகள் பிரிக்கப்பட்ட நாள்

1931 மார்ச் 4 அன்று டென்வர் நகரில் உறைகள் பிரிக்கப்பட்டன. வந்தவை ஐந்து. அவற்றில் இரண்டு பிணை இல்லாததால் தள்ளுபடி ஆயின. அந்த இரண்டில் ஒன்று, மற்றவர்களில் யார் குறைவாகக் கேட்டாலும் அதைவிட 80,000 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்று சொன்னது! கணக்கே போடாமல் விலை சொல்லும் அளவுக்கு ஆசை இருந்திருக்கிறது.

மிஞ்சிய மூன்றில் ஒன்று சுமார் 5 கோடியே 86 லட்சம் டாலர், இன்னொன்று சுமார் 5 கோடியே 39 லட்சம். சிக்ஸ் கம்பெனீஸ் கேட்டதோ சுமார் 4 கோடியே 89 லட்சம். அரசுப் பொறியாளர்களின் மதிப்பீட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ 24,000 டாலர் மட்டுமே. ஆக, இது கண்ணை மூடிக்கொண்டு குறைத்த விலை அல்ல, சரியாகப் போட்ட கணக்கு.

மிச்சம் எங்கிருந்து வந்தது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிமெண்ட், எஃகு போன்ற முக்கியப் பொருட்களை அரசே தந்தது. எனவே ஒப்பந்ததாரர் மிச்சம் பிடிக்க இருந்த இடங்கள் முக்கியமாக இரண்டு: நேரம், ஆட்கூலி. ஆற்றைத் திருப்பிவிடும் சுரங்கங்கள் 1933 அக்டோபர் 1-க்குள் முடியாவிட்டால் நாளொன்றுக்கு 3,000 டாலர் அபராதம் என்றும் விதி இருந்தது.

வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் குடும்பத்துடன் அந்தப் பாலைவனத்தில் வந்து காத்திருந்தனர். ஒருவர் விலகினால் அந்த இடத்துக்குப் பலர் தயார். 1931 ஆகஸ்டில் சுரங்கத் தொழிலாளர் சிலரின் கூலி குறைக்கப்பட்டபோது வேலைநிறுத்தம் வெடித்தது. குளிர்ந்த குடிநீரும் கோரிக்கைகளில் ஒன்று. சில நாட்களில் போராட்டம் முறிந்தது, கூலி உயரவில்லை. நெவாடா மாநிலச் சட்டத்தை மீறிச் சுரங்கங்களுக்குள் பெட்ரோல் லாரிகள் ஓடின. அதன் புகையால் உடல்நலம் கெட்டதாகத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளை நிறுவனம் பின்னர் சமரசமாக முடித்துக்கொண்டது.

1936 மார்ச் 1 அன்று, கெடுவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே, அணை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டுமான விபத்துகளில் இறந்தோர் அரசுக் கணக்குப்படி 96 பேர்.

சட்டம் சொன்ன பதில்

உறைகள் பிரிக்கப்படுவதற்கு முந்தைய நாள், 1931 மார்ச் 3 அன்று, டேவிஸ்-பேக்கன் சட்டத்தில் அதிபர் ஹூவர் கையெழுத்திட்டார். வெளியூரிலிருந்து குறைந்த கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து டெண்டரை வெல்வதைத் தடுக்கவே இச்சட்டம். அந்தந்த ஊரில் நிலவும் கூலியைத் தர வேண்டும் என்றது அது. ஆனால் அரசுக் கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தியதால் அணைத் தொழிலாளருக்கு அது உதவவில்லை. 1935 ஆகஸ்டில்தான் அது மற்ற பொதுப்பணிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதே மாதம் வந்த மில்லர் சட்டம், வேலையை முடிப்பதற்கு ஒரு பிணை, தொழிலாளருக்கும் பொருள் தந்தவர்களுக்கும் பணம் கிடைக்க இன்னொரு பிணை என இரண்டைக் கட்டாயமாக்கியது.

குறைந்த விலை டெண்டர் தவறானது அல்ல. மக்களின் வரிப்பணத்தை அது மிச்சப்படுத்துகிறது. ஆனால் அந்த மிச்சம் திறமையிலிருந்து வருகிறதா, அல்லது பேரம் பேச வழியில்லாத தொழிலாளியின் கூலியிலிருந்து வருகிறதா என்பது உறைக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்தால் தெரியாது. ஹூவர் அணையில் இரண்டும் கலந்தே இருந்தன. அதனால்தான் கூலிக்கு ஒரு கீழ்வரம்பைச் சட்டமே வகுக்க வேண்டியிருந்தது.