பட்டு வடிவமைப்புக்கான மேசைக் கணினி மேம்பாடு (காஞ்சிபுரம்)

பட்டு வடிவமைப்புக்கான மேசைக் கணினி மேம்பாடு என்பது, சேலையின் புட்டா, கரை, முந்தி ஆகியவற்றை வரையவும் அவற்றை ஜக்கார்டு தறிக்கு ஏற்ற கட்டங்களாக மாற்றவும் பயன்படும் பழைய கணினியில், தேவையான உறுப்புகளை மட்டும் மாற்றி அதன் வேகத்தையும் ஆயுளையும் கூட்டும் பணியாகும். பகலில் வடிவமைப்புக்கும் இரவில் விளையாட்டுக்கும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீடுகளில் இரண்டு வேலைகளின் தேவைகளையும் பிரித்தறிவது முக்கியம். வடிவமைப்பு முதலில் கேட்பது எஸ்எஸ்டியும் ரேமும். விளையாட்டு முதலில் கேட்பது கிராபிக்ஸ் கார்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் செய்யும் செலவில் பெரும்பகுதி வீணாகிறது.

பின்னணி

காஞ்சிபுரம் சென்னைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயில் நகரம். இங்கு நெய்யப்படும் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் கோத்து நெய்யும் கோர்வை முறை இந்தச் சேலையின் தனி அடையாளம். அன்னம், மயில், யாளி, ருத்திராட்சம், மல்லிமொக்கு, கோபுரக் கரை ஆகியவை இங்கு வழிவழியாக வரும் உருவங்கள்.

ஜக்கார்டு வருவதற்கு முன் இந்த உருவங்கள் ‘அடை’ எனப்படும் நூல் கட்டுமானத்தின் வழியே தறியில் ஏற்றப்பட்டன. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய பொறி இந்த வேலையைத் துளையிட்ட அட்டைகளுக்கு மாற்றியது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழும்பிப் பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்கு இதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் பொறிகள் துளை அட்டைகளைப் படித்தன. ஆக, நெசவுத் தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதிதாக வந்ததன்று.

காஞ்சிபுரத்தில் வடிவமைப்பாளர்கள் முதலில் கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டினார்கள். ஒரு கட்டம் என்பது நெடுக்கே ஓடும் ஒரு பாவும் குறுக்கே ஓடும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். அந்தத் தாளைப் பார்த்து அட்டை துளைக்கப்பட்டது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நெசவாளர் சேவை மையம் இந்நகரில் வடிவமைப்பு, சாயம், பயிற்சி ஆகியவற்றில் நெசவாளர்களுக்கு உதவுகிறது. கிராஃப் தாளின் இடத்தைக் கணினித் திரை பிடித்தபின், துளை அட்டைக்கு மாற்றாக மின்னணு ஜக்கார்டும் வந்தது. அதில் வடிவம் நேரடியாகக் கோப்பாகவே தறிக்குப் போகிறது.

கணினித் தொழிலும் இம்மாவட்டத்துக்கு அந்நியமன்று. டெல் நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் தன் கணினித் தொழிற்சாலையைத் தொடங்கியது. உதிரி உறுப்புகளுக்குப் பெரிய சந்தை சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு.

வடிவமைப்பு வேலை கணினியிடம் கேட்பது

தறிக்குப் போகும் கோப்பு மிகச் சிறியது. 480 கொக்கிகள், 1,200 ஊடைகள் கொண்ட ஒரு புட்டாவில் 5,76,000 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘தூக்கு’ அல்லது ‘விடு’ என்ற ஒரே செய்திதான் என்பதால், முழு வடிவமும் சுமார் 72 கிலோபைட்டில் அடங்கிவிடும். 256 நிறக் கோப்பாகச் சேமித்தாலும் 0.6 மெகாபைட்டைத் தாண்டாது. இதற்கு இருபது ஆண்டுப் பழைய கணினியே போதும்.

கனம் சேர்வது அதற்கு முந்தைய படியில்தான். பழைய சேலையின் முந்தியை ஏ4 அளவில், அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற செறிவில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3.5 கோடி புள்ளிகள் கிடைக்கும். முழு நிறத்தில் அது நினைவகத்தில் 100 மெகாபைட்டுக்கு மேல் பிடிக்கும். ஃபோட்டோஷாப்பில் பத்து அடுக்குகள் சேர்ந்தால் ஒரு ஜிகாபைட்டை எட்டும். அதன்மேல் ஒவ்வொரு திருத்தத்தையும் பின்னோக்கி எடுக்க வசதியாக மென்பொருள் தனி நகல்களை வைத்துக்கொள்கிறது. முழுச் சேலையையும் துணிபோலவே திரையில் காட்டும் பாவனைப் படமும் இப்படி இடம் கேட்கும். ரேம் நிரம்பியதும் கணினி ஹார்டு டிஸ்கைத் துணைக்கு எடுத்துக்கொள்ள, எல்லாம் மந்தமாகிவிடுகிறது. கணினி பழையதாகிவிட்டது என்று வடிவமைப்பாளர் சொல்லும்போது பெரும்பாலும் குறிப்பது இந்த மந்தத்தைத்தான்.

மேம்பாட்டுக்கு முன் செய்ய வேண்டிய சோதனை

எந்த உறுப்பை மாற்றுவது என்பதைக் கடைக்காரரைவிடக் கணினியே தெளிவாகச் சொல்லும். வழக்கமான வேலையின் நடுவே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி வேண்டும். நினைவகம் தொண்ணூறைத் தாண்டினால் ரேம் வேண்டும். செயலி மட்டும் முழுதாக ஓடி மற்றவை சும்மா இருந்தால்தான் செயலியைப் பற்றி யோசிக்க வேண்டும். மதர்போர்டின் மாதிரி எண், ரேமின் வகை, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் அளவு, கேபினெட்டில் உள்ள இடம் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்ட பிறகே கடைக்குப் போவது நல்லது.

உறுப்புகள்

எஸ்எஸ்டி: பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான். சுழலும் ஹார்டு டிஸ்க் பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 100 முதல் 200 மெகாபைட் தரும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது ஓரிரு மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 மெகாபைட் வரை தருவதோடு, சிறு கோப்புகளையும் பல மடங்கு வேகத்தில் படிக்கும். எம்.2 பொருத்துவாய் உள்ள போர்டில் என்விஎம்இ வகை இன்னும் வேகமானது. ஆனாலும் ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தெரியும் வேறுபாடு, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது தெரியாது. பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரேம்: 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி வசதியான அளவு. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய மூன்றின் வெட்டுக்குறிகளும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளைச் சோடியாகப் போட்டால் நினைவகத்தின் அகலம் இரட்டிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்தப் பலன் நன்றாகவே தெரியும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. ரேமைக் கூட்டுபவர் 64 பிட்டுக்கு மாறியாக வேண்டும்.

செயலியும் மதர்போர்டும்: செயலி பொருந்துவது போர்டின் சாக்கெட்டையும் சிப்செட்டையும் பொறுத்தது. இன்டெல்லின் 4வது தலைமுறை ஐ3 உள்ள போர்டில் அதே தலைமுறை ஐ7ஐப் பொருத்த முடியும். ஆனால் 7வது தலைமுறைப் போர்டில் 8வது தலைமுறைச் செயலி ஓடாது. இரண்டின் சாக்கெட்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் நீண்ட ஆயுள் கொண்டது. 2017இல் வாங்கிய முதல் ரைசன் கணினிகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தபின் 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை பொருத்தலாம்.

கிராபிக்ஸ் கார்டு: கட்டம் போடும் வேலைக்குச் செயலியுடன் வரும் கிராபிக்ஸே போதும். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சி செய்பவருக்கும் விளையாடுபவருக்கும்தான் தனிக் கார்டு தேவை. மதர்போர்டின் பொருத்துவாய் 75 வாட் வரை மின்சாரம் தரும். அந்த அளவுக்குள் இயங்கும் கார்டுகளுக்குத் தனி மின்கம்பி வேண்டாம் என்பதால் பழைய கணினிக்கு அவையே பாதுகாப்பானவை. 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் இயங்குகிறது. ஆர்எக்ஸ் 6400க்கும் தனிக் கம்பி தேவையில்லை. ஆனால் அது நான்கு தடங்களையே பயன்படுத்துவதால் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் வேகம் குறையும். புதிய கார்டுகளில் விஜிஏ வாய் இருக்காது. பழைய திரையை இணைக்க மாற்றி தேவைப்படும்.

எஸ்எம்பிஎஸ்: கார்டைவிட இதை முதலில் பார்க்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல இதன் மின்தேக்கிகள் வலுவிழக்கும். தரம் குறைந்த பெட்டி ஒன்று எரியும்போது மதர்போர்டையும் டிஸ்கையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். 80 பிளஸ் சான்று பெற்ற 450 அல்லது 550 வாட் பெட்டி பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். டெல், எச்பி, லெனோவா அலுவலகக் கணினிகளில் பல மாதிரிகள் தமக்கென வேறு அமைப்புள்ள மின்செருகியைக் கொண்டவை. சந்தையில் கிடைக்கும் பொதுப் பெட்டி அவற்றில் நேரடியாகப் பொருந்தாது.

திரை: நிறத்தை நம்பி வாழும் தொழிலில் இதைக் கடைசியாக வைப்பது பிழை. பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் பழைய டிஎன் திரைக்குப் பதிலாக, எஸ்ஆர்ஜிபி நிறவெளியை முழுதும் காட்டும் ஐபிஎஸ் திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தத் திரையானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்யும் மயில்கழுத்தின் ஒளிமாற்றத்தையும் ஜரிகையின் மினுக்கத்தையும் திரை காட்டாது. நிறத்தில் இறுதிச் சொல் சாயமேற்றிய நூல் கண்டுக்கே உரியது.

விளையாட்டுத் தேவைகள்

விளையாட்டுக்கு அளவுகோல் நொடிக்கு எத்தனை சட்டகங்கள் என்பது. 1920×1080 திரையில் 60 சட்டகங்கள் கிடைத்தால் காட்சி சீராக ஓடும். வேலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய கார்டிலும் இந்த அளவை எட்டும். ஆனால் விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரு பாதுகாப்பு வசதிகளையும் கட்டாயமாக்குகிறது. பெரிய விளையாட்டுகளின் தேவை வேறு. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு 16 ஜிபி ரேமையும் எஸ்எஸ்டியையும் குறைந்தபட்சத் தகுதியாகவே கேட்கிறது. ஆகவே வடிவமைப்புக்காகச் செய்யும் முதல் இரண்டு மாற்றங்களும் விளையாட்டுக்கும் பயன்படும். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இயங்குதளமும் மென்பொருளும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0உம், இன்டெல் 8வது தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்கும் செயலியும் வேண்டும். தகுதி பெறாத கணினியில் லினக்ஸ் நல்ல வழி. கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா ஆகியவை அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்லோவேனியாவில் உருவான அராவீவ் என்ற நெசவு மென்பொருள் லினக்ஸிலேயே இயங்குகிறது. மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனாய், ஜக்கார்டு, டாபி தறிகளுக்கான திறமூல வடிவமைப்பு மென்பொருள்.

பழைய இணைப்புகள்

அட்டை துளைக்கும் கருவியோ மென்பொருளின் பூட்டுச் செருகியோ பழைய பேரலல் போர்ட்டில் இணைக்கப்பட்டிருந்தால் மேம்பாட்டில் மிகுந்த கவனம் தேவை. புதிய போர்டுகளில் அந்த வாய் இருப்பது அரிது. தனிக் கார்டு வாங்கிப் பொருத்தினாலும், போர்ட்டின் பழைய முகவரியை நேரடியாகத் தேடும் நிரல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. இத்தகைய இடங்களில் பழைய கணினியை இணையத்தில் சேர்க்காமல் துளைக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வரையும் வேலையைப் புதியதற்கு மாற்றுவதே முறை.

தூசி, வெப்பம், மின்சாரம்

தறி உள்ள வீட்டில் நூல் தும்பு காற்றில் கலந்திருக்கும். அது விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகட்டிலும் படிந்தால் செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உட்புறத்தைச் சுத்தம் செய்து, உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. எந்தப் புதிய உறுப்பும் வாங்குமுன் இதைச் செய்ய வேண்டும். கேபினெட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், மின்தடையைத் தாங்கும் யுபிஎஸ் வைப்பதும் அவசியம்.

வடிவங்களைக் காத்தல்

கணினியில் விலைமதிப்பற்றது அதில் உள்ள வடிவங்களே. எஸ்எஸ்டி மாற்றும் நாளில்தான் அவை தொலையும் அபாயம் மிகுதி. மாற்றுவதற்கு முன்பே இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். கட்ட வடிவங்களை பிஎம்பி அல்லது பிஎன்ஜி வகையில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வகை கட்டங்களின் ஓரத்தை மங்கலாக்கி, வடிவத்தில் இல்லாத நிறங்களைச் சேர்த்துவிடும். அந்தத் தவறு தறியில் தவறான தூக்காக வெளிப்படும். கோப்பின் பெயரிலேயே கொக்கி எண்ணிக்கையையும் ஊடை எண்ணிக்கையையும் எழுதிவைத்தால், பல ஆண்டுகள் கழித்து அதைத் திறப்பவருக்கும் அது எந்தத் தறிக்கு உரியது என்பது விளங்கும்.

மேம்பாட்டின் எல்லை

எஸ்எஸ்டி, ரேம், திரை ஆகியவற்றோடு தேவை முடிந்தால் மேம்பாடு இலாபமானது. மதர்போர்டு, செயலி, ரேம் மூன்றையும் ஒருசேர மாற்ற வேண்டிய நிலை வந்தால் அது புதுக் கணினி வாங்குவதற்குச் சமம். அப்போதும் எஸ்எஸ்டி, திரை, நல்ல எஸ்எம்பிஎஸ், கேபினெட் ஆகியவற்றைப் புதியதில் பயன்படுத்தலாம். கழித்த உறுப்புகளைக் குப்பையில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியே அவற்றை அப்புறப்படுத்தச் சொல்கின்றன. ஒரு புட்டாவைக் கட்டம் கட்டமாக வரைபவரின் வருமானத்துக்கு ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் பெரிது. அவருக்குத் தேவையான வேகம் மிகக் குறைந்த செலவில், பெரும்பாலும் முதல் இரண்டு மாற்றங்களிலேயே கிடைத்துவிடுகிறது.